கடவுச்சொல் அவரிடமே இருக்கட்டும்

கேள்வி: ஏற்காடு ஒன்றியத்தில் ஒரு மலைக்கிராமத்தில் இ-சேவை மையம் நடத்துகிறேன். எங்கள் ஊரில் 26 வயதுத் தம்பி ஒருவர் இருக்கிறார். பள்ளியில் படிக்கும்போது பார்வையை இழந்தவர். தொலைநிலைக் கல்வியில் பட்டம் முடித்துவிட்டார். அம்மா காப்பித் தோட்டத்து வேலைக்குப் போகிறார். உதவித்தொகை, தேர்வு விண்ணப்பம், வங்கி வேலை எல்லாவற்றுக்கும் அந்தத் தம்பி என்னிடம்தான் வருகிறார். அவருடைய மின்னஞ்சல் கடவுச்சொல்லும் வங்கி ரகசிய எண்ணும் என் நோட்டில்தான் எழுதியிருக்கின்றன. ஆண்ட்ராய்டு கைபேசி வைத்திருக்கிறார்; அழைப்பை எடுக்க மட்டும் தெரியும், ஓடிபி வந்தால் நான்தான் படித்துச் சொல்வேன். போன மாதம் நான் வெளியூர் போயிருந்தபோது ஒரு தேர்வுக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாள் தாண்டிவிட்டது. அவருக்குத் தனியாகக் கணினி வாங்க வேண்டுமா? அரசு ஏதாவது தருமா? வங்கியில் ஏடிஎம் அட்டை தர மறுக்கிறார்கள், அது சரியா? காது கேளாத பெண் ஒருவரும் என் மையத்துக்கு வருகிறார், அவருக்கும் வழி சொல்லுங்கள். அரசு இணையதளம் சரியில்லை என்று புகார் செய்தால் என் மையத்துக்குச் சிக்கல் வருமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கணினி வாங்குவதற்கு முன்னால் அந்த நோட்டைப் பற்றிப் பேசிவிடுவோம். நல்லெண்ணத்தோடுதான் எழுதி வைத்திருக்கிறீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஊரில் வேறு யாரும் முன்வராத வேலையை இத்தனை காலம் செய்து வந்திருக்கிறீர்கள். ஆனாலும் ஒருவருடைய வங்கிக் கணக்கும் மின்னஞ்சலும் இன்னொருவரின் மேசை அறைக்குள் இருக்கும்வரை, எந்தக் கருவியை வாங்கிக் கொடுத்தாலும் அது அவருடையதாக ஆகாது. இதில் பண விஷயமும் இருக்கிறது. 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வாடிக்கையாளர் தம் ரகசிய விவரங்களைப் பிறரிடம் பகிர்ந்ததால் பணம் போயிருந்தால், வங்கிக்குத் தகவல் தரும்வரை ஏற்பட்ட இழப்பு முழுவதையும் அவரேதான் ஏற்க வேண்டும். நாளைக்கு எங்கோ இருக்கும் மோசடிக்காரன் வேறு வழியில் அவர் கணக்கில் கைவைத்தாலும், ரகசிய எண் உங்கள் நோட்டில் இருந்த செய்தி தெரிந்தால் வங்கிக்கு அது ஒரு காரணமாகிவிடும். ஊர் உங்களைச் சந்தேகிக்கும். அவர் பணம் திரும்பி வராது.

அதற்காக இன்றைக்கே நோட்டைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். தட்டெழுதத் தெரியாதவரிடம் கடவுச்சொல்லைத் திருப்பிக் கொடுத்தால் அவருக்கு இருக்கும் ஒரே வழியும் அடைபட்டுப் போகும். முதலில் அவர் எழுதக் கற்றுக்கொள்ள வேண்டும்; பிறகு ஒவ்வொரு கடவுச்சொல்லையும் அவர் கையாலேயே மாற்ற வேண்டும்; கடைசியில்தான் நோட்டு போக வேண்டும்.

தனிக் கணினி இப்போதைக்குத் தேவையில்லை. அவரிடம் இருக்கும் கைபேசியிலேயே டாக்பேக் என்னும் திரைவாசிப்பான் இருக்கிறது; அதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. அமைப்புகளில் அணுகல்தன்மை என்ற பகுதிக்குள் போய் அதை இயக்கலாம். ஒலியைக் கூட்டும் பொத்தானையும் குறைக்கும் பொத்தானையும் சேர்த்துச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்து இயக்கும் குறுக்குவழியும் உண்டு. இயக்கியதும் கைபேசியின் பழக்கமே மாறிவிடும். விரல் பட்ட இடத்தில் என்ன இருக்கிறது என்று வாசித்துச் சொல்லுமே தவிர, அதைத் திறக்காது. திறப்பதற்கு இருமுறை தட்ட வேண்டும். ஒரு விரலால் வலப்பக்கம் தள்ளினால் அடுத்ததற்கும், இடப்பக்கம் தள்ளினால் முந்தையதற்கும் போகும். பக்கத்தை மேலும் கீழும் நகர்த்த இரண்டு விரல் வேண்டும். பார்வையுள்ளவர்கள் முதன்முறை இதை இயக்கிவிட்டு, கைபேசி கெட்டுவிட்டதென்று பயந்து அணைத்துவிடுவதுதான் வழக்கம். நீங்கள் உங்கள் சொந்தக் கைபேசியில் ஓரிரு மாலைகள் பழகிவிட்டு அவருக்குச் சொல்லிக் கொடுங்கள். சொல்லிக் கொடுக்கும்போது அவர் கையிலிருந்து கைபேசியை வாங்கிவிடாதீர்கள். வாயால் சொல்லுங்கள், அவர் தேடட்டும், தப்பான இடத்தைத் தட்டட்டும், திரும்பி வரட்டும். நம் வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்பதற்காக ஒருமுறை வாங்கித் தட்டிக் கொடுத்துவிட்டால், அடுத்த முறையும் அவர் கைபேசியை நம்மிடம் நீட்டுவார்.

பலர் சோர்ந்துபோவது எழுதும் இடத்தில்தான். திரையில் வரும் விசைப்பலகையின்மேல் விரலை எடுக்காமல் நகர்த்திக்கொண்டே போனால், ஒவ்வோர் எழுத்தின் பெயரும் காதில் விழும். வேண்டிய எழுத்தின்மேல் வந்ததும் விரலை எடுத்தால் அந்த எழுத்து பதியும். முதல் வாரம் தம் பெயரை எழுதுவதற்கே நேரம் பிடிக்கும். குரல்வழி எழுதும் வசதி தமிழுக்கு நன்றாகவே வந்திருக்கிறது. நண்பருக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்ப அது போதும். ஆனால் கடவுச்சொல்லைப் பேருந்து நிறுத்தத்தில் உரக்கச் சொல்லி எழுத முடியாது. ஆகையால் அவர் விசைப்பலகையைக் கற்றே ஆக வேண்டும். தினமும் அரை மணி நேரம், எண்களில் தொடங்கி ஆங்கில எழுத்துக்கும் அதன்பின் தமிழுக்கும் போவது நல்லது. ஓடிபியும் ரகசிய எண்ணும் எண்களே என்பதால் பயன் உடனே தெரியும், ஆர்வமும் குறையாது.

தமிழ்க் குரலுக்கான தரவை ஒருமுறை பதிவிறக்கி வைத்துவிட்டால், இணையம் இல்லாதபோதும் திரைவாசிப்பான் தமிழில் வாசிக்கும். சேர்வராயன் மலையில் ஒரு வளைவு திரும்பினால் சிக்னல் போய்விடும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எனவே உங்கள் மையத்து இணையத்தில் அதை இறக்கிக் கொடுங்கள். ரூபாய் நோட்டின் மதிப்பைச் சொல்லும் மணி என்ற செயலியையும் சேர்த்து நிறுவுங்கள். ரிசர்வ் வங்கி 2020 ஜனவரி முதல் நாள் வெளியிட்டது. கைபேசியின் கேமரா முன் நோட்டைக் காட்டினால் மதிப்பைச் சொல்லிவிடும். அதற்கும் இணையம் வேண்டாம். சந்தைக்குப் போய்வர அவருக்கு இது மிகவும் உதவும்.

இப்போது கடவுச்சொற்கள் எழுதிய உங்கள் நோட்டுக்கு வருவோம். எண்களை அவர் தடுமாறாமல் எழுதத் தொடங்கியதும், இயர்போன் ஒன்றைக் காதில் மாட்டிக்கொண்டு, முதலில் மின்னஞ்சலின் கடவுச்சொல்லை அவரே மாற்றட்டும்; மற்றக் கணக்குகளை மீட்பதற்கான வழி மின்னஞ்சல்தான் என்பதால் அது முதலில் அவர் கைக்கு வர வேண்டும். அந்த நேரத்தில் நீங்கள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள். டாக்பேக்கில் திரையை இருட்டாக்கி மறைக்கும் வசதியும் உண்டு. கைபேசி வேலை செய்யும், பக்கத்தில் நிற்பவருக்கு எதுவும் தெரியாது. ஓடிபி குறுஞ்செய்தியாக வரும்போது அறிவிப்பிலேயே வாசிக்கப்படும். அதைக் கேட்டு நினைவில் வைத்து எழுதுவதற்குள் நேரம் கடந்துவிட்டால் மறுபடி கேட்டுப் பெறலாம், பதற வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பணம் அனுப்ப கியூஆர் குறியைப் படம்பிடிப்பதைவிடக் கைபேசி எண்ணை இட்டு அனுப்புவது அவருக்கு எளிது. வங்கியின் ரகசிய எண்ணையும் அவர் மாற்றி முடித்த அன்றைக்கு அவர் முன்னிலையில் அந்தப் பக்கத்தைக் கிழித்து, கிழித்துவிட்டதாக அவரிடம் சொல்லிவிடுங்கள்.

ஏடிஎம் அட்டை விஷயத்தில் அந்தக் கிளை செய்வது தவறு. பார்வையற்றவர் என்பதற்காகக் காசோலைப் புத்தகம், ஏடிஎம், இணைய வங்கிச் சேவை, பெட்டகம் எதையும் மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2008 ஜூன் 4 அன்றே வங்கிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. துணைக்கு ஒருவரைச் சேர்த்துக் கூட்டுக் கணக்கு தொடங்கினால்தான் தருவோம் என்று கேட்டாலும் ஒப்புக்கொள்ள வேண்டாம். அட்டை வேண்டும் என்று எழுத்தில் விண்ணப்பித்து, மறுப்பதாக இருந்தால் காரணத்தை எழுத்தில் தரும்படி அவர் கேட்கட்டும். எழுத்தில் கேட்டவுடன் பெரும்பாலும் அட்டை வந்துவிடும்.

அடுத்து நீங்கள் செய்ய வேண்டியது. இத்தனை நாள் அவருக்காகப் படித்துச் சொன்னீர்கள். இனி அவரே படிக்கும் வடிவத்தில் கொடுக்க வேண்டும். விண்ணப்பித்து முடித்ததும் ஒப்புகைச் சீட்டைக் கைபேசியில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது எல்லா மையங்களிலும் நடப்பதுதான். அவருடைய திரைவாசிப்பானுக்கு அது வெறும் படம். ‘புகைப்படம்’ என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். அதே சீட்டைத் தளத்திலிருந்து நேரடியாகப் பிடிஎஃப் கோப்பாக இறக்கி அனுப்புங்கள். அதோடு விண்ணப்ப எண், தேதி, கட்டிய தொகை, அடுத்து எப்போது பார்க்க வேண்டும் என்ற நான்கையும் ஒரே செய்தியாகத் தட்டெழுதி அனுப்புங்கள். கோப்பின் பெயரையும் ‘உதவித்தொகை ஒப்புகை ஜூன்’ என்பதுபோல வையுங்கள். எண்களும் கோடுகளுமாக இருக்கும் பெயரைக் கேட்டு ஒரு கோப்பை இன்னொன்றிலிருந்து பிரித்தறிவது யாருக்கும் கடினம்.

தமிழில் மனு தட்டெழுதிக் கொடுக்கிறீர்கள் என்றால், எந்த எழுத்துருவில் எழுதுகிறீர்கள் என்று கவனியுங்கள். இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் மாவட்டத்தில் பார்வையற்ற பட்டதாரிகள் என்னிடம் கொண்டுவரும் குறைகளில் பெரும்பகுதி இதில்தான் வந்து நிற்கிறது. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் எழுதிய கோப்பு, கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் கணினிக்குள் ஆங்கில எழுத்துகளாகவே சேமிக்கப்பட்டிருக்கும். பாமினியில் எழுதிய ‘தமிழ்’ என்ற சொல்லை எழுத்தெழுத்தாக வாசிக்கச் சொன்னால், திரைவாசிப்பான் ‘ஜே, கே, பி, ஓ, செமிகோலன்’ என்று சொல்லும். முழுப்பக்கத்தை வாசிக்கச் சொன்னால் எந்த மொழியுமில்லாத ஓசை ஒன்று வரும். அதைக் கேட்பவர் தம் கைபேசி பழுதாகிவிட்டதாக நினைப்பார். எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனிக் குறியீடு தரும் பொது முறையான யூனிகோடில் எழுதிய அதே மனு தெளிவான தமிழில் காதில் விழும். தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்று ஆணை பிறப்பித்தது 2010-ஆம் ஆண்டில். ஆனாலும் அச்சகங்களில் பழைய வடிவமைப்பு மென்பொருள்களுக்கு யூனிகோடு தமிழ் ஒத்துவராத காலத்தில் பழகிய கைகள் மாறவில்லை. சங்கங்களின் சுற்றறிக்கை, பயிற்சி மையங்களின் வினாத்தாள், பள்ளி ஆண்டுவிழா அழைப்பிதழ் எல்லாம் இன்றும் பழைய எழுத்துருவில் வருகின்றன. உங்கள் கணினியில் தமிழ்99 அல்லது ஒலிப்புமுறை விசைப்பலகையை நிறுவி யூனிகோடிலேயே எழுதப் பழகுங்கள். பழைய கோப்பு வந்தால், எழுத்துரு மாற்றும் இலவசக் கருவிகள் இணையத்தில் கிடைக்கின்றன. அவற்றில் போட்டு மாற்றிவிட்டு அவருக்கு அனுப்புங்கள்.

யூனிகோடில் எழுதியதையும் பிடிஎஃப் ஆக்கும்போது ஒரு சிக்கல் வரும். ‘கொடு’ என்று எழுதும்போது ககரத்துக்கு முன்னால் கொம்பும் பின்னால் காலும் வருகின்றன அல்லவா? சில மென்பொருள்கள் எழுத்தின் ஒலி வரிசையை விட்டுவிட்டு, கொம்பு, ககரம், கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையைக் கோப்பில் பதித்துவிடுகின்றன. அப்படிப்பட்ட கோப்பில் ஒகர, எகர ஓசைகள் வரும் இடமெல்லாம் வாசிப்பு உடைந்து போகும். ஆகவே நீங்கள் எழுதிய எதையும் பிடிஎஃபோடு சேர்த்து வேர்டு கோப்பாகவும் கொடுத்துவிடுவது பாதுகாப்பானது. அலுவலகங்கள் தாளை ஸ்கேன் செய்து தரும் அறிவிப்புகளைக் கூகுள் லென்ஸ் வழியாக எழுத்தாக மாற்றிக் கேட்கலாம். நல்ல அச்சாக இருந்தால் தமிழும் சரியாகவே வரும். கையெழுத்துக்கும் முத்திரைக்கும் அடியில் சிக்கிய வரிகளை மட்டும் நீங்கள் படித்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

கணினி அவருக்கு எப்போது தேவைப்படும் என்றால், நீண்ட தேர்வு விண்ணப்பங்களை நிரப்பும்போதும், பிறகு வேலை என்று வரும்போதும். அதற்கு முதலில் உங்கள் மையத்துக் கணினியே போதும். என்விடிஏ என்ற திரைவாசிப்பானை ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் 2006-இல் உருவாக்கத் தொடங்கினார். அவரும் அவரோடு சேர்ந்து உழைத்த ஜேம்ஸ் டேயும் பார்வையற்றவர்கள். விலை கூடிய ஜாஸ் என்ற திரைவாசிப்பானை வாங்க முடியாதவர்களுக்கு இன்று உலகெங்கும் அதுதான் துணை. முற்றிலும் இலவசம், தமிழ்க் குரலும் அதில் உண்டு. இன்னொரு வசதி, அதைக் கணினியில் நிறுவாமல் ஒரு பென்டிரைவில் வைத்துக்கொண்டே இயக்கலாம். பென்டிரைவ் அவர் சட்டைப்பையில் இருக்கட்டும். உங்கள் மையத்திலோ, சேலத்தில் நூலகத்திலோ, கல்லூரியிலோ எந்த விண்டோஸ் கணினியில் செருகினாலும், அவர் பழகிய குரலும் அமைப்பும் கூடவே வரும். மூன்று நான்கு மாதம் உங்கள் மையத்தில் கூட்டம் குறைந்த பிற்பகலில் ஓர் இடம் கொடுத்துப் பாருங்கள். சுட்டியைத் தொடாமல் தாவல் விசையாலும் அம்புக்குறிகளாலும் மட்டும் ஒரு படிவத்தை முழுமையாக நிரப்புகிறார் என்றால், அப்போது சொந்த மடிக்கணினியைப் பற்றி யோசிக்கலாம்.

அப்படி உட்கார்ந்து நிரப்பும்போதுதான், தடை அவரிடம் இல்லை, தளத்தில் இருக்கிறது என்பது உங்களுக்கே தெரியவரும். கட்டத்துக்குப் பெயர் எழுதப்படாத படிவத்தில், அது தந்தை பெயரா பிறந்த தேதியா என்று சொல்லாமல் ‘எடிட்’ என்று மட்டும் குரல் வரும். பெயரில்லாத பொத்தான் ‘பட்டன்’ என்று மட்டும் சொல்லும். அதை அழுத்தினால் விண்ணப்பம் போகுமா, எழுதியது அழியுமா என்று தெரியாது. தேதியை நாட்காட்டியில் சுட்டியால் மட்டுமே தேர்ந்தெடுக்க முடியும் என்று வைத்திருப்பார்கள். நெளிந்த எழுத்துகளைப் பார்த்து எழுதச் சொல்லும் கேப்சா எல்லாவற்றிலும் மோசமானது; அதற்கு ஒலிவடிவம் தராத தளத்தில் பார்வையற்றவர் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். இவற்றில் ஒன்றுகூடத் தீர்க்க முடியாத தொழில்நுட்பச் சிக்கல் இல்லை. கட்டத்துக்குப் பெயர் வைப்பது நிரலில் ஒரு வரி வேலை. உலக அளவில் 1999 முதலே இதற்கான இணைய அணுகல் நெறிமுறைகள் இருக்கின்றன. இந்திய அரசு இணையதளங்களுக்கென்று தனி வழிகாட்டு நெறிகளும், இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 17802 என்ற தரமும் உண்டு. செய்ய வேண்டியவர்கள் செய்யவில்லை, அவ்வளவுதான். அதற்கான விலையை மலையில் இருக்கும் ஒருவர் தம் தேர்வு வாய்ப்பை இழந்து கொடுத்திருக்கிறார் என்பதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

இது சலுகை கேட்கும் விஷயம் இல்லை என்பதற்காகச் சட்டத்தையும் சொல்கிறேன். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. தகவல் தொடர்புத் தொழில்நுட்பம் மாற்றுத்திறனாளிகள் அணுகும் வடிவத்தில் இருப்பதை அரசு உறுதிசெய்ய வேண்டும் என்பது அதன் 42-ஆம் பிரிவு. 2024 நவம்பர் 8 அன்று, ராஜீவ் ரதூரி வழக்கில், அணுகல் தரங்கள் வெறும் பரிந்துரையாக இருக்கக் கூடாது, கட்டாயமான குறைந்தபட்ச விதிகளை மத்திய அரசு வகுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஏப்ரல் 30-இல் வந்த தீர்ப்பு இன்னும் நெருக்கமானது. வங்கியிலும் சிம் அட்டைக்கும் அடையாளம் சரிபார்க்கும்போது கேமராவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டச் சொல்கிறார்களே, அதை எதிர்த்து, அமிலத் தாக்குதலில் கண்ணும் முகமும் சிதைந்தவர்களும் பார்வையற்ற வழக்கறிஞர் ஒருவரும் தொடுத்த வழக்குகள் அவை. மின்னணுச் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று நீதிமன்றம் கூறி, 20 ஆணைகளைப் பிறப்பித்தது. கண் சிமிட்டுவதற்கு மாற்றுவழி தர வேண்டும், விரல் ரேகையை ஏற்க வேண்டும், காகிதவழிச் சரிபார்ப்பு தொடர வேண்டும் என்பன அவற்றில் உண்டு. உங்கள் மையத்தில் முகச் சரிபார்ப்பு தோல்வியடைந்து யாரையாவது திருப்பி அனுப்ப நேர்ந்தால், இந்தத் தீர்ப்பு உங்களுக்குக் கைகொடுக்கும்.

தேர்வுக்குப் படிக்கிறார் என்பதால் இதையும் அவரிடம் சொல்லுங்கள். சுகம்ய புஸ்தகாலயா என்னும் இணைய நூலகம் 2016 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. அச்சு நூலைப் படிக்க இயலாதவர்கள் உறுப்பினராகிப் புத்தகங்களை வாசிக்கும் வடிவில் பெறலாம். தேர்வில் தமக்காக விடை எழுதித் தருபவரின் உதவி பெறுவோருக்கு ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் தர வேண்டும் என்று மத்திய அரசின் வழிகாட்டுதல் சொல்கிறது. விண்ணப்பத்தில் அதற்கான கட்டத்தைக் குறிக்க மறந்துவிட்டால் பிறகு அலைய வேண்டிவரும் என்பதால், நிரப்பும்போது அந்த இடத்தில் நின்று சரிபாருங்கள்.

அரசு உதவிக்கு எல்லாவற்றுக்கும் முதற்படி மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை. இன்னும் எடுக்காவிட்டால் இணையத்தில் விண்ணப்பித்து, சேலத்தில் அரசு மருத்துவமனையில் மதிப்பீடு முடித்துப் பெறுங்கள். பார்வைத்திறன், செவித்திறன் குறைந்தவர்களுக்குத் தக்க செயலிகளோடு திறன்பேசி வழங்கும் திட்டம் தமிழ்நாட்டில் உண்டு. மத்திய அரசின் அடிப் திட்டத்திலும் உபகரணங்கள் கிடைக்கும். யார் விண்ணப்பிக்கலாம், என்னென்ன தாள் வேண்டும் என்பதைச் சேலம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் தொலைபேசியில் கேட்டு, பட்டியலைத் தட்டெழுதி அவருக்கு அனுப்பிய பிறகு பயணம் வையுங்கள். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்தபின் ஒரு நகல் குறைகிறது என்று திரும்பினால், கூட வரும் அம்மாவின் ஒரு நாள் கூலி போய்விடும்.

காது கேளாத பெண்ணைப் பற்றி நீங்கள் இரண்டே வரி எழுதியிருக்கிறீர்கள். அவர் எழுத்துத் தமிழை எந்த அளவுக்குப் படிப்பார் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். சைகை மொழியிலேயே வளர்ந்தவர்களுக்குத் தமிழ் இரண்டாவது மொழி. நீண்ட அரசு வாக்கியம் அவர்களுக்குப் பிடிபடாமல் போவது அறிவுக் குறைவால் இல்லை. சிறு சிறு வாக்கியமாக எழுதிக் காட்டுங்கள். கூகுளின் லைவ் டிரான்ஸ்கிரைப் செயலி நீங்கள் பேசும் தமிழை உடனுக்குடன் எழுத்தாக்கிக் காட்டும். சிக்னல் நன்றாக உள்ள உங்கள் மையத்தில் அது பயன்படும். அவர் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். கூட வந்த உறவினரிடம் கேட்டு முடிவெடுக்காதீர்கள். எந்தப் படிவத்திலும் அழைப்புவழி ஓடிபியைத் தேர்ந்தெடுக்காமல் குறுஞ்செய்தியையே தேர்ந்தெடுங்கள். தொடர்புக்கு மின்னஞ்சலைக் கொடுங்கள். வங்கியிலிருந்து அழைத்தோம், எடுக்கவில்லை என்ற காரணத்தால் விண்ணப்பங்கள் நின்றுபோவதை நான் நிறையப் பார்க்கிறேன். காணொளி வழிச் சரிபார்ப்பில் சைகை மொழிக்கும் திரையில் எழுத்து காட்டுவதற்கும் வசதி வேண்டும் என்பதும் நான் மேலே சொன்ன 2025-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் அடங்கும்.

கடைசியாகப் புகார். மனுதாரர் அந்தத் தம்பிதான்; பாதிக்கப்பட்டவர் தம் பெயரில், தம் மின்னஞ்சலிலிருந்து எழுதும் மனுவால் உங்கள் மையத்துக்குச் சிக்கல் வரக் காரணமில்லை. பக்கத்தில் அமர்ந்து தடை எங்கே வந்தது என்று குறித்துக் கொடுப்பது மட்டும் உங்கள் வேலை. ‘இணையதளம் சரியில்லை’ என்று பொதுவாக எழுதினால் யாரும் திருத்த மாட்டார்கள். ‘இந்தத் தேதியில், விண்ணப்பத்தின் மூன்றாம் பக்கத்தில், மாவட்டம் என்ற கட்டத்துக்குப் பெயர் குறிக்கப்படாததால் என்விடிஏ அதை வாசிக்கவில்லை; கேப்சாவுக்கு ஒலிவடிவம் இல்லை; இதனால் என்னால் விண்ணப்பிக்க முடியவில்லை; இவற்றைத் திருத்தி, எனக்கு மீண்டும் வாய்ப்பளிக்க வேண்டுகிறேன்’ என்று எழுத வேண்டும். முதலில் தேர்வை நடத்தும் துறைக்கு. பதில் இல்லையென்றால் முதல்வரின் முகவரி இணையதளத்திலும், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்திலும். அதன் பிறகு சென்னையில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு. ஆணையருக்கு உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய அதிகாரங்கள் உண்டு. அவர் பரிந்துரைத்தால் எடுத்த நடவடிக்கையைத் துறை 3 மாதத்துக்குள் அவருக்குத் தெரிவிக்க வேண்டும். சட்டத்தை மீறினால் முதல்முறை 10,000 ரூபாய் வரையிலும், மீண்டும் மீறினால் 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரையிலும் அபராதம் விதிக்க 89-ஆம் பிரிவு இடம் தருகிறது.

தவறிப்போன அந்தத் தேர்வுக்கான மனுவை அவரே தட்டெழுதட்டும். பிழை இருந்தால் எங்கே என்று சொல்லுங்கள், திருத்துவதும் அவராகவே இருக்கட்டும். பதிவு எண்ணும் பதிலும் அவருடைய மின்னஞ்சலுக்கு வரும்படி கொடுங்கள். துறையிலிருந்து பதில் வந்ததும் அதை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஆணையருக்கு எழுத வேண்டிய அடுத்த மனுவை அவரோடு நேரடியாகப் பேசி வடிவமைத்துத் தருகிறேன்.